எழுத்துத் தெரியாமலே கிழக்காசியக் காசுகளை அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேயா, சிங்கப்பூர், சைகோன் என்று பிழைக்கப் போய்த் திரும்பியவர்கள் இருந்த வீடுகளில் இந்தக் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. ஓர் எழுத்தும் புரியாததால் ‘ஏதோ சீனாக்காசு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்க வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு எழுத்து வடிவங்களைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் போதும். படிக்கத் தெரியாமலே நாட்டையும் காலத்தையும் சொல்லிவிடலாம். ஒரே வடிவங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காசில் இருப்பது சீன எழுத்தா, ஜப்பானிய எழுத்தா? எதிலிருந்து தொடங்குவது?

எழுத்திலிருந்து தொடங்காதீர்கள். ஜப்பான், கொரியா, வியட்நாம் மூன்றுமே பல நூற்றாண்டுகள் சீன எழுத்தில்தான் காசு வெளியிட்டன. அதனால் சீன எழுத்து இருந்தாலே சீனக் காசு என்று ஆகாது.

முதலில் உருவத்தைப் பாருங்கள். நடுவில் சதுரத் துளை இருந்தால் அது பெரும்பாலும் அச்சில் உருக்கி வார்த்த பழைய காசு. வட்டத் துளை இருந்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் அடித்த பிற்காலக் காசு. துளையே இல்லாமல் உள்ளங்கையை நிறைக்கும் வெள்ளிக்காசு என்றால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியோ 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியோ. இப்படிப் பிரித்துக்கொண்ட பிறகு எழுத்துக்கு வாருங்கள்.

இக்காலக் காசுகளில் இன்னொரு குறுக்கு வழி உண்டு. எழுத்துக்குள் சுத்தமான சிறு வட்டம் தெரிந்தால் அது கொரிய எழுத்து. சீன, ஜப்பானியக் காசுகளின் எழுத்தில் அப்படி வட்டம் வராது, பெட்டிதான் வரும். சீன எழுத்துக்குப் பக்கத்திலேயே தமிழில் ‘சிங்கப்பூர்’ என்று இருந்தால் சொல்லவே வேண்டாம், நான்கு மொழியிலும் பெயர் பொறித்த சிங்கப்பூர்க் காசு அது. நம் எழுத்தை வேறொரு நாட்டின் காசில் பார்ப்பது எப்போதும் ஒரு சந்தோஷம்.

சதுரத் துளைக் காசில் எது மேல், எது கீழ்?

இந்த ஒரு சங்கதி பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. நான்கு எழுத்துகளில் கோடுகள் மிக நெருக்கமாக அடைந்திருப்பது ஒன்று இருக்கும்: மேலே கூரை, கீழே இரண்டு சிறு கால்கள், நடுவில் நெரிசல். சீன உச்சரிப்பில் ‘பாவ்’. செல்வம், மதிப்புள்ள பொருள் என்று அர்த்தம். அந்த எழுத்து துளைக்கு இடப்பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி காசைத் திருப்புங்கள். அப்போது காசு நேராக இருக்கிறது.

படிக்கும் வரிசை இரண்டு வகை. மேல், கீழ், வலம், இடம் என்று சிலுவை போலப் படிப்பது பெருவழக்கு. மேலிருந்து கடிகாரச் சுற்றில் படிப்பது மற்றொன்று. சோங் வம்சக் காசுகளில் இரண்டாவது நிறைய வரும். இரண்டிலும் ‘பாவ்’ கடைசியாக, இடப்பக்கம்தான் வரும். நான்கு எழுத்தில் கடைசி இரண்டு பொதுவாக ‘தோங் பாவ்’ அல்லது ‘யுவான் பாவ்’, அதாவது பணம் என்ற பொதுப்பெயர். முதல் இரண்டும்தான் உங்களுக்கு வேண்டியவை. அவைதான் அரசர் தன் ஆட்சிக்கு வைத்துக்கொண்ட பெயர்.

இந்த அமைப்புக்கு மூலம் தாங் வம்சம் 621இல் வெளியிட்ட ‘காய் யுவான் தோங் பாவ்’. ஆட்சிப் பெயர் இல்லாத காசுதான் அது. ஆனாலும் நான்கு எழுத்து, சதுரத் துளை, சுற்றி விளிம்பு என்ற அதன் வடிவத்தைக் கிழக்காசியா முழுவதும் பிறகு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பின்பற்றியது.

பின்பக்கம் சீன எழுத்தே இல்லை. செங்குத்தாக வளைவும் பல்லுமாக ஏதோ இருக்கிறது. அது என்ன?

மஞ்சு எழுத்து. 1644 முதல் 1911 வரை சீனாவை ஆண்ட சிங் வம்சத்தார் மஞ்சு இனத்தவர். தங்கள் எழுத்தைக் காசின் பின்பக்கம் பொறித்தார்கள். துளைக்கு இருபுறமும் ஒவ்வொரு மஞ்சுச் சொல் இருந்தால், சிங் காலக் காசு என்று தயங்காமல் சொல்லலாம். பெரும்பாலானவற்றில் இடப்பக்கச் சொல் மாறாது. வலப்பக்கச் சொல் நாணயச் சாலையின் பெயர். பெய்ஜிங்கில் மட்டும் இரண்டு சாலைகள் இருந்தன, ஒன்று வருவாய் அமைச்சுடையது, மற்றது பணித்துறை அமைச்சுடையது. வீட்டில் கிடைக்கும் சிங் காசுகளில் இந்த இரண்டும் அதிகம்.

சிங் வம்சத்தின் தொடக்ககால அரசர்களான ஷுன்ழி, காங்ஷி காலத்துக் காசுகள் சிலவற்றில் பின்பக்கம் ஒருபுறம் மஞ்சு, மறுபுறம் சீன எழுத்து என்று இருக்கலாம். காங்ஷி காசுகளில் அப்படி 20 நாணயச் சாலைகளின் பெயர்கள் உண்டு. அவற்றை வரிசைப்படுத்திப் பாட்டாக்கி வைத்திருக்கிறார்கள் சீனர்கள். இருபதையும் சேர்ப்பது சேகரிப்பாளர்களுக்குப் பிடித்த வேலை.

சிங் காசு என்று தெரிந்துவிட்டது. எந்த அரசர் காலம்?

மேல், கீழ் எழுத்துகளை மட்டும் பாருங்கள்.

மூன்று கதிர்கள் மேலே விரிந்து, ஒரு படுக்கைக் கோடு, கீழே இரண்டு கால்கள் என்று ஓர் எழுத்து உண்டு. ஒளி என்று பொருள். அது கீழே நின்றால் தாவோகுவாங் (1821–1850). அதே எழுத்து மேலே நின்றால் குவாங்ஷு (1875–1908). எழுத்து ஒன்று, இடம் மாறினால் அரசர் மாறுகிறார்.

இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள் தெறித்தாற்போல் உள்ள எழுத்து கீழே நின்றால் ஷுன்ழி (1644–1661) அல்லது தோங்ழி (1862–1874). இரண்டையும் பிரிக்க மேலே பாருங்கள். அடி திறந்த ஒரு சட்டத்துக்குள் சிறு கோடும் பெட்டியும் இருந்தால் தோங்ழி.

கீழெழுத்தின் அடியில் நான்கு புள்ளிகள் வரிசையாக இருந்தால் காங்ஷி (1662–1722). கீழெழுத்து நேர்கோடுகள் ஐந்தால் மட்டும் ஆனது, மேலும் கீழும் படுக்கைக் கோடு என்றால் யோங்ஜெங் (1723–1735). மேலெழுத்தின் இடப்பாதியில் கூட்டல் குறி, நடுக்கோடு போட்ட பெட்டி, மறுபடி கூட்டல் குறி என்று அடுக்கியிருந்தால் சியென்லோங் (1736–1795). கையில் கிடைப்பதில் மிக அதிகம் இவருடையதுதான். அறுபது ஆண்டு ஆட்சி, அதற்கேற்ற எண்ணிக்கை.

பின்பக்கம் வழுவழுவென்று வெறுமையாக இருக்கிறதே?

அப்படியென்றால் சிங் காலத்துக்கு முந்தைய சீனக் காசாக இருக்கலாம், ஜப்பானாக இருக்கலாம், வியட்நாமாக இருக்கலாம். இந்த வகையில் நமக்கு மிக நெருக்கமானது சோங் வம்சம் (960–1279).

சோங் அரசர்கள் ஆட்சிப் பெயரை அடிக்கடி மாற்றினார்கள். பெயர் மாறும்போதெல்லாம் காசும் மாறியது. ஒரே பெயரில் ஒரு காசு வளைந்த முத்திரை எழுத்திலும், இன்னொன்று ஓட்டமான கையெழுத்திலும் வரும். அளவு, விளிம்பு, துளை எல்லாம் ஒத்திருக்கும் அந்த ஜோடிகளைச் சேர்த்து வைப்பது ஓர் அழகு. அரசர் ஹுய்சோங் கைதேர்ந்த ஓவியர். அவருடைய சொந்த எழுத்துப் பாணி, மெலிந்து கூர்மையாக இழுத்த கோடுகள், அவர் காலத்துப் பெரிய காசுகளில் இருக்கிறது. கிழக்காசியக் காசுகளில் எழுத்தழகுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவருடைய ‘தா குவான் தோங் பாவ்’ காசையே (1107–1110) எடுப்பேன்.

நமக்கு நெருக்கம் என்றதற்குக் காரணம் உண்டு. சோழர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோங் அரசவைக்குத் தூது அனுப்பினார்கள். 1077இல் போனவர்களுக்கு எதிர்ப்பரிசாகச் செப்புக் காசுச் சரங்கள் பெருமளவில் தரப்பட்டன. அப்போது ஆண்டவர் ஷென்சோங். அவர் ஆட்சியில் உச்சமாக ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் சரங்கள் வார்த்தார்கள், சரத்துக்குக் கணக்குப்படி ஆயிரம் காசு. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து சோங் காசுகள் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் யாப்பகூவாவிலும் கிடைத்தன. கொல்லம் துறைமுகத்தில் 2014இல் தூர்வாரியபோது சீனக் காசுகள் வெளிவந்தன. ஆகவே நம் கரையோர ஊர்களில் சதுரத் துளைக் காசு ஒன்று கிடைத்தால், அது மலேயாவிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டே எழுத்துதான் இருக்கிறது. அது இன்னும் பழையதா?

ஆம், உண்மையானதாக இருந்தால் மிகப் பழையது. விளிம்பே இல்லாமல் துளைக்கு இருபுறமும் ஓர் எழுத்து இருந்தால் ‘பான் லியாங்’, சின் பேரரசும் அதன்பின் ஆரம்ப கால ஹான் அரசும் பயன்படுத்தியது. வலப்பக்கம் உடுக்கை போன்ற வடிவம், அதாவது முனைதொட்ட இரண்டு முக்கோணங்கள், சுற்றிலும் விளிம்பு என்றால் ‘வு ஜூ’. ஹான் பேரரசர் வு கி.மு. 118இல் தொடங்கியது. இடையிடையே நின்றும் உருமாறியும் 621 வரை, எழுநூறு ஆண்டுக்கு மேல் நீடித்தது. உடுக்கை வடிவ எழுத்துக்கு ‘ஐந்து’ என்று பொருள். எடையைச் சொல்கிறது.

சதுரத் துளைக் காசு ஜப்பானுடையதா, கொரியாவுடையதா, வியட்நாமுடையதா என்று எப்படிப் பிரிப்பது?

ஜப்பான்: தலையில் ஒரு புள்ளி, நடுவே கொக்கி போட்ட தண்டு, இருபுறமும் சிறகாகப் பிரியும் கோடுகள் உள்ள எழுத்தைத் தேடுங்கள். அது கீழே நின்றால் ‘கான்எய் சூஹோ’. 1636 முதல் இருநூறு ஆண்டுக்கு மேல் ஜப்பானின் அன்றாடக் காசு. பின்பக்கம் வெறுமையாகவோ, ஓர் எழுத்தோடோ இருக்கும். நான்கு மோன் (ஜப்பானின் பழைய பண அலகு) மதிப்புள்ளவற்றின் பின்னால் வளைந்த அலைக்கோடுகள் உண்டு.

அதே எழுத்து மேலே நின்றால் பெரும்பாலும் மிங் வம்சத்தின் ‘யோங்லே தோங் பாவ்’. கப்பற்படைத் தளபதி ஜெங் ஹவை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பிய அரசரின் காசு. ஜெங் ஹ நாட்டிய, 1409ஆம் ஆண்டு குறித்த கல்வெட்டு இலங்கையின் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உண்டு. அதன் சீனப் பகுதியில் ஆண்டைக் குறிக்கப் பயன்பட்டதும் இதே யோங்லே ஆட்சிப் பெயர்தான். இந்தக் காசு ஜப்பானில் அவ்வளவு புழங்கியது, போர்த்தலைவர் ஓதா நோபுனாகா தன் கொடியிலேயே அதை வரைந்துகொண்டார். கென்யாவின் மண்டா தீவில் 2013இல் ஒன்று கிடைத்தது.

நீள்வட்டமாக, கனமாக, சதுரத் துளையோடு இருந்தால் யோசிக்க வேண்டாம், 1835இல் தொடங்கிய ஜப்பானின் ‘தென்போ சூஹோ’, நூறு மோன்.

கொரியா: கீழே, ஒரு சிலுவையின் தோள்களுக்கு மேல் இரண்டு புள்ளிகள் வைத்த எழுத்து. பின்பக்கம் துளையைச் சுற்றி இரண்டு மூன்று சீன எழுத்துகள். அது ‘சாங்பியோங் தோங்போ’. 1678 முதல் 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஒரே பெயர்தான். அரசர் மாறினாலும் காசின் பெயரை மாற்றவில்லை. பின்பக்க எழுத்துகள் வார்த்த அலுவலகத்தையும் தொகுதியையும் சொல்கின்றன. அதனால் வகைகள் ஆயிரக்கணக்கில்.

வியட்நாம்: மெல்லியது, இலேசானது, பலசமயம் துத்தநாகம் கலந்தது. நடுக்கோட்டுப் பெட்டியும் அதையொட்டி நிலா எழுத்தும், அதாவது சூரியனும் சந்திரனும் சேர்ந்த எழுத்து மேலே இருந்தால் பெரும்பாலும் மின் மாங் (1820–1841). 1945இல் பதவி துறந்த பாவ் தாய் பெயரில் வந்ததோடு சதுரத் துளைக் காசின் வரலாறே முடிகிறது.

சிவப்பு நாடாவில் கட்டி வாஸ்து கடையில் விற்கிறார்களே, அவை பழைய காசா?

இல்லை. ‘ஐந்து பேரரசர் காசு’ என்று ஷுன்ழி முதல் ஜியாசிங் வரை ஐந்து பெயர்களில் இன்றைக்கு அடித்து விற்கும் பித்தளை வில்லைகள் அவை. ஒரே கட்டில் உள்ள காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். துளையும் விளிம்பும் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போகும். மணல் அச்சில் வார்த்த உண்மைக் காசுகள் இரண்டு அப்படி ஒத்துப்போகாது. வார்த்தபின் கம்பியில் கோத்து அரத்தால் தேய்த்த தடம் உண்மைக் காசின் ஓரத்தில் இருக்கும். போலியில் ஓரம் வழவழப்பாக இருக்கும், மஞ்சு எழுத்தும் வெறும் கிறுக்கலாக இருக்கும்.

பன்னிரண்டு விலங்குகள், டிராகன், பறவை இவை பொறித்த துளைவில்லைகள் வேறு சாதி. அவற்றில் பழையனவும் உண்டு, ஆனால் அவை மந்திரக் காசுகள், பணமாகப் புழங்கியவை அல்ல.

மஞ்சள் நிறம், நடுவில் வட்டத் துளை, ஓர் எண்கூட இல்லை. எந்த நாடு?

ஜப்பானின் 5 யென். வருகிற கேள்விகளில் பாதி இதைப் பற்றியதுதான். குனிந்த நெற்கதிர், அதன் கீழே நீரைக் குறிக்கும் கோடுகள், துளையைச் சுற்றிப் பற்சக்கரம்: உழவு, மீன்பிடிப்பு, தொழில். மதிப்பும் ஆண்டும் சீன எழுத்திலேயே இருப்பதால்தான் திகைப்பு. வெண்ணிறத்தில் வட்டத் துளையும் செவ்வந்திப் பூவும் இருந்தால் 50 யென்.

சீன எழுத்தில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

ஒன்று, இரண்டு, மூன்று என்பவை ஒன்று, இரண்டு, மூன்று படுக்கைக் கோடுகள். நான்கு, உள்ளே இரண்டு சிறு கால்கள் தொங்கும் பெட்டி. ஐந்து, முன்சொன்ன உடுக்கையின் நேர்கோட்டு வடிவம். ஆறு, மேலே புள்ளி, கோடு, கீழே இரண்டு கால். ஏழு, சாய்ந்த சிலுவையின் கால் வலப்பக்கம் மடங்கியது. எட்டு, ஒன்றையொன்று தொடாமல் இருபுறமும் சரியும் இரண்டு கோடு. ஒன்பது, இடப்பக்கம் சாய்ந்த கோட்டைக் குறுக்கே வெட்டி வலப்பக்கம் கொக்கியாக முடியும். பத்து, கூட்டல் குறி.

34 என்பதை மூன்று, பத்து, நான்கு என்று எழுதுவார்கள். பழைய தமிழ் எண்முறை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாமும் 34ஐ ௩௰௪ என்றுதான் எழுதினோம். ‘௰’ இருக்கும் இடத்தில் கூட்டல் குறியைப் போட்டுப் பாருங்கள், ஜப்பானியக் காசு படிக்க வந்துவிடும்.

ஜப்பானியக் காசின் ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

அரசரின் ஆட்சியாண்டுதான் காசில் இருக்கும். மெய்ஜி என்றால் 1867ஐக் கூட்டுங்கள். தாய்ஷோ 1911, ஷோவா 1925, ஹெய்செய் 1988, ரெய்வா 2018. முதல் ஆண்டுக்கு மட்டும் எண் ஒன்று போடாமல் தொடக்கம் என்ற எழுத்தைப் போடுவார்கள்.

எந்த ஆட்சி என்பதற்கு மறுபடி நம் பழைய வடிவங்களே உதவும். சூரியனும் சந்திரனும் சேர்ந்தது முதலில், மூன்று துளி எழுத்து இரண்டாவதாக: மெய்ஜி. கைவிரித்து நிற்கும் ஆள் முதலில், யோங்ஜெங்கில் பார்த்த ஐந்து நேர்கோட்டு எழுத்து இரண்டாவதாக: தாய்ஷோ. இடப்பக்கம் நடுக்கோட்டுப் பெட்டி உள்ளது முதலில், இடப்பாதி மரமும் வலப்பாதி வெறும் பெட்டியுமானது இரண்டாவதாக: ஷோவா. அந்த மரமும் பெட்டியும் ரெய்வாவிலும் இரண்டாவதாக வரும், ஆனால் முதலெழுத்து கூரைபோல் விரியும். சிலுவைத் தோளில் இரண்டு புள்ளி முதலில் வந்தால் ஹெய்செய், கொரியக் காசில் பார்த்த அதே எழுத்து.

இரண்டு எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை வந்தவற்றை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அடுத்து, இப்போதைய 50, 100, 500 யென் காசுகளில் ஆண்டு 0 முதல் 9 வரையான எண்களிலேயே இருக்கும். ‘55’ என்று இருந்தால் 1955 என்று நினைத்துவிடாதீர்கள். ஷோவா 55 என்றால் 1980.

ஷோவா 64 என்று ஒன்று கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். 1989 ஜனவரியில் ஏழே நாள் நீடித்த ஆண்டு அது. அந்த ஆண்டில் 50, 100 யென் அடிக்கவில்லை, மற்றவை நிறையவே அடிக்கப்பட்டன. விலைக்காக அல்ல, கதைக்காகவே வைத்துக்கொள்ள வேண்டியது.

‘4292’ என்று ஆண்டு போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழையில்லை. தென்கொரியாவின் ஹ்வான் காசு. தொல்கதை மன்னர் தான்குன் நாட்டை நிறுவியதாகக் கொண்டு எண்ணும் ஆண்டு. 2333ஐக் கழித்தால் 1959. 50 ஹ்வானில் ஆமைக் கப்பல் இருக்கும். 1966 முதல் வந்த வொன் காசுகளில் நாம் அறிந்த ஆண்டுதான். கொரியாவின் 1890களின் காசுகள் 1392ஐத் தொடக்கமாக வைத்து எண்ணின, 501 என்றால் 1892.

தைவானும் சீனக் குடியரசும் 1912ஐ முதல் ஆண்டாகக் கொண்டவை. எனவே 1911ஐக் கூட்டுங்கள். தாய்ஷோவும் 1912தான் என்பதால் இரண்டுக்கும் ஒரே கணக்கு.

நாணயத்தில் பூ இருக்கிறது. சீனாவா, ஹாங்காங்கா, தைவானா?

நாம் எழுதும் 0 முதல் 9 வரையான எண்ணில் நான்கிலக்க ஆண்டு, நடுவில் கோடு பாய்ந்த பெட்டியில் தொடங்கும் நீண்ட பெயர் இருந்தால் மக்கள் சீனம், அதாவது இன்றைய சீனா. 1991 முதல் 1 யுவானில் பியோனி, 1999 முதல் செவ்வந்தி. 5 ஜியாவில் (ஜியா என்பது யுவானில் பத்தில் ஒன்று) பின்னாளில் தாமரை. காற்றில் பறக்கும் அளவு இலேசான அலுமினியக் காசுகள் ஃபென், யுவானில் நூறில் ஒன்று. அரசி எலிசபெத் தலையோ ஐந்திதழ்ப் பௌஹினியா பூவோ, ஆங்கிலத்தில் ஹாங்காங் என்றும் இருந்தால் ஹாங்காங். பூ வந்தது 1993 முதல். தைவானில் ஆங்கிலமே இருக்காது, தலைவர் படமும் சீன எழுத்தில் குடியரசு ஆண்டும் இருக்கும்.

பெரிய வெள்ளிக்காசு: டிராகன், அல்லது மொட்டைத் தலை ஆள். இவை என்ன?

டிராகன் பக்கத்து ஆங்கிலத்தைப் படியுங்கள். மாகாணத்தின் பெயரும் ‘7 மேஸ் 2 கேண்டரீன்’ என்ற எடையும் இருந்தால் சீன மாகாணக் காசு. 1889இல் பர்மிங்ஹாம் இயந்திரங்களோடு குவாங்துங்கில் தொடங்கியது அந்த வரிசை. ‘ஒன் யென்’, ‘416’, ‘900’ என்று இருந்தால் ஜப்பான். ஹாங்காங்கில் இரண்டே ஆண்டு ஓடி மூடிய நாணயச் சாலையின் இயந்திரங்களை வாங்கித்தான் ஜப்பான் 1871இல் ஒசாகா சாலையைத் திறந்தது.

பருத்த முகமும் மீசையுமாக இடப்பக்கம் பார்ப்பவர் குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாய். ஆண்டு 3, 8, 9, 10, அதாவது 1914, 1919, 1920, 1921. பாய்மரக் கப்பல் இருந்தால் சுன் யாட்சென் காசு, 1932–34. முதல் ஆண்டுக் காசில் கப்பலுக்கு மேல் பறவைகள் இருந்தன. அடுத்த ஆண்டே எடுத்துவிட்டார்கள், அதனால் பறவையுள்ளது அருமை.

ஒருபுறம் ஈட்டியோடு நிற்கும் பெண், மறுபுறம் சீனமும் அரபு போன்ற எழுத்தும். தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது.

பிரிட்டிஷ் வணிக வெள்ளி, 1895 முதல் 1935 வரை. நிற்பவர் பிரிட்டானியா, கையில் திரிசூலம். மறுபக்கம் மதிப்பைச் சீனத்திலும், அரபு எழுத்தில் எழுதிய மலாயிலும் சொல்கிறது. ஆசியக் கடல் வணிகத்துக்காக வெளியிட்ட இந்தக் காசுகளில் மிகப் பெரும்பகுதி பம்பாயில் அடிக்கப்பட்டவை. திரிசூலத்தின் நடுமுனையில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், பொடியாக ஆங்கில ‘பி’ தெரியும். அதுதான் பம்பாய்க் குறி. கல்கத்தாவில் அடித்ததில் ‘சி’ இருக்கும். பம்பாயில் பிறந்து, சீனத் துறைமுகங்களிலும் பினாங்கிலும் கைமாறி, தமிழ்நாட்டு வீட்டுப் பெட்டிக்கு வந்த காசு. இந்தப் பயணத்துக்காகவே இதை எனக்கு மற்ற எல்லா வெள்ளிகளையும்விடப் பிடிக்கும்.

அது உண்மையான வெள்ளிதானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். பிரிட்டிஷ் வணிக வெள்ளியும் ஜப்பானிய யென்னும் சுமார் 26.95 கிராம், யுவான் ஷிகாய் சற்றே குறைவு. தேய்மானத்துக்கு அரை கிராம் விடலாம். இரண்டு மூன்று கிராம் குறைந்தால் நம்பாதீர்கள். காந்தத்தில் ஒட்டினால் அத்தோடு முடிந்தது.

எடை சரியாக வரும் போலிகளும் உண்டு. அவற்றுக்கு நீர்ச் சோதனை. சிறு டிஜிட்டல் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 90 சதவீத வெள்ளி என்றால் சுமார் 10.3 வரும், 26.9 கிராமுக்குத் தராசு 2.6 காட்ட வேண்டும். செப்பு நிக்கல் என்றால் 3.0 காட்டும், விடை 9க்குக் கீழே விழும்.

காசின் முகத்தில் சின்னச் சின்னச் சீன முத்திரைகள் குத்தியிருந்தால் பதற வேண்டாம். வெள்ளியைச் சோதித்த சீன வணிகர்களும் பணமாற்றுக்காரர்களும் வைத்த சரிபார்ப்பு அது. சிலர் இப்படிப்பட்டதையே தேடிச் சேர்க்கிறார்கள்.

புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து நன்றாகத் தெரியுமே?

தயவுசெய்து வேண்டாம். புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம். செம்பின் மேல் படிந்த பச்சையும் பழுப்பும் நூற்றாண்டுகளில் உண்டானது. அதுதான் காசின் வயதுக்குச் சாட்சி, ஒருமுறை போனால் திரும்பாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். எழுத்து தெரியவில்லையென்றால் பக்கவாட்டில் டார்ச் அடித்து போட்டோ எடுங்கள், நிழலில் எழுத்து எழும்பும். பிவிசி உறையில் போட்டால் நாளடைவில் பச்சைப் பிசின் கசியும், காகித உறையே மேல்.

இதற்கெல்லாம் நல்ல விலை கிடைக்குமா?

சியென்லோங், கான்எய், சாதாரண சோங் காசுகள் உலகத்தில் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. வயது கூடினால் விலை கூடும் என்பது இந்தத் துறையில் செல்லாது. 900 ஆண்டுப் பழைய சோங் காசைவிட 1998இன் தென்கொரிய 500 வொன் பலமடங்கு அருமை. நிதி நெருக்கடியால் அந்த ஆண்டு சேகரிப்போர் தொகுப்புக்காக 8,000 மட்டுமே அடித்தார்கள். ஜப்பானின் 1987ஆம் ஆண்டு 50 யென்னும் அப்படித்தான், தொகுப்புகளில் மட்டும் வந்தது. பழைய காசு கோடி ரூபாய் பெறும் என்று கைபேசியில் வரும் விளம்பரங்களுக்குப் பதில் போடாதீர்கள். முன்பணம் கேட்பார்கள்.

வயலில் தோண்டும்போது சதுரத் துளைக் காசுகள் குவியலாகக் கிடைத்தால்?

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைப்பது குற்றம். நூறாண்டு கடந்த காசுகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டத்தை விடுங்கள், குவியலைப் பிரித்துப் பங்கு போட்டால் அதன் வரலாறே போய்விடுகிறது. எந்தெந்த ஆட்சிக் காசுகள் சேர்ந்திருந்தன, கடைசிக் காசு எந்த ஆண்டு, எந்தப் பானையில் இருந்தன என்பதை வைத்துத்தான் அவை எப்போது புதைக்கப்பட்டன என்று சொல்ல முடியும். எடுத்த இடத்தை, ஆழம் தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.